தேள் கொட்டிய பாடவேளை

கள்ளக்குறிச்சி வீட்டில் இன்று சின்ன வெங்காயம் நசுக்கியபோது எழுந்த நெடி, கல்வராயன் மலையில் நான் படித்த, இப்போது இடித்துத் தார்ச்சாலை போட்டுவிட்ட பள்ளிக்கூடத்துக்கே என்னைக் கொண்டுபோனது. ஓட்டுக்கூரை, சாணம் மெழுகிய தரை. மழை பெய்தால் எல்லோரும் ஒரே மூலைக்கு நகர்ந்து உட்காருவோம். கீழேயிருந்து பஸ்ஸில் வரும் கணக்கு சாருக்கு எங்களில் ஒருவர் பேரும் தெரியாது. பாடத்தின் நடுவே வாய் திறந்தால் பிரம்புதான்.

ஒருநாள் அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணைத் தேள் கொட்டிவிட்டது. பாவாடையை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மணி அடிக்கும்வரை அவள் அசையவே இல்லை. பிறகு எழ முடியாமல் விழுந்தாள். சத்துணவு சமைக்கிற அக்கா ஓடிவந்து, வெங்காயத்தை நசுக்கி வீங்கிய காலில் தேய்த்தாள்.

"முன்னாலயே சொல்றதுக்கு இன்னாடி?" என்றார் சார்.

"பேசுனா அடிப்பீங்க சார்."

எதிர்த்துப் பேசியதற்காகச் சின்னப்பொண்ணை அங்கேயே அடித்தார்.

கால் சரியாகிவிட்டது. சின்னப்பொண்ணு அதன்பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே வரவில்லை. நான் போனேன். அந்த வருஷம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்ததாக ஞாபகமில்லை. சாரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.