காலி நாற்காலிக்கு எழுதிய வசனம்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. அன்று அரங்கில் அறுபது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் கண்ணெதிரில்தான் நடந்தது. எதைப் பார்த்தோம் என்று தெரியாமல் கை தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள்.

நாங்கள் போடுவது ஓரங்க நாடகம். செட் கிடையாது. பெரிய மனிதர்கள் இதை 'எளிய அரங்கம்' என்று வாய் நிறையச் சொல்வார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான். தரையில் வெள்ளை டேப் ஒட்டினால் அது சுவர். டேப்புக்கு நடுவில் இடைவெளி விட்டால் அது வாசல். கையை நீட்டி, இல்லாத கதவைத் திறந்துகொண்டுதான் யாரும் உள்ளே வரவேண்டும், வெளியே போகவேண்டும். அவசரத்துக்குக்கூடச் சுவரைத் தாண்டக் கூடாது. ஒத்திகையில் தாண்டிப் பழகினால் மேடையிலும் தாண்டி மானத்தை வாங்கிவிடுவார்கள்.

இந்த நாடகத்தை எழுதியது நான். நடக்க முடியாத ஓர் அம்மா, இரண்டு மகள்கள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை. அம்மாவாக நடிக்க ஆள் இல்லை. அதனால் ஒரு காலி நாற்காலிதான் அம்மா. சண்டை ஓய்ந்ததும் தங்கை சொல்வாள்: "அம்மா, நீ அக்காகூடப் போ." விளக்கு அணையும்.

மூத்த மகளாக நடித்தவர் நர்சக்கா. மருத்துவமனை வேலை முடிந்து நேராக ஒத்திகைக்கு வந்து, "என் வசனம் வந்தா எழுப்பி விடு" என்று சுவரில் சாய்ந்துவிடுவார். இளையவளாக என் சொந்தத் தங்கை. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம்.

பாப்பாவுக்காகத்தான் இந்த நாடகமே.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஒருத்தி படித்துவிட்டு எதிர்த்துப் பேசுவது போதும் என்று அப்பா நினைத்தாரோ என்னவோ, பாப்பாவைப் பத்தொன்பது வயதில் கட்டிக் கொடுத்துவிட்டார். எட்டாவது மாதம் திரும்ப வந்தாள். பேச்சு வரவில்லை. அடித்தார்களா என்றால் இல்லை என்று தலையாட்டுவாள். பட்டினி போட்டார்களா? இல்லை. இரண்டு வருடம் ஒரு வார்த்தை இல்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் கையை விரித்தார். அப்பா, தலைவிதி என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளைப் பேச வைக்காமல் விடமாட்டேன் என்று அவரிடம் சவால் விட்டேன்.

ஒரு கணினி மையத்தின் மாடி அறையில் முதல் வாசிப்பு. வட்டமாக உட்கார்ந்து வாசித்தோம். பாப்பாவின் வசனங்களை நானே வாசித்தேன். பாதியில், நர்சக்கா எங்கே பார்த்துப் பேசுவது என்று கேட்க, மூலையில் கிடந்த மர நாற்காலியை இழுத்து நடுவில் போட்டேன்.

பாப்பா அந்த நாற்காலியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வசனத்தைத் தானே வாசித்தாள்.

நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து நாற்காலி முன்னால் நின்றால் பேசுவாள். தெருவில் இறங்கினால் பழைய ஊமைதான். பரவாயில்லை, வழி கிடைத்துவிட்டது என்று இருந்தேன். மேடையில் ஊரைப் பார்த்துப் பேசிவிட்டால் பூட்டு உடைந்துவிடும் என்பது என் கணக்கு.

இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது லேசில்லை. ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி வயிற்றையும் பார்த்தால் பார்க்கிறவன் சிரித்துவிடுவான். அதனால் நாற்காலியின் முதுகில் ஒரு குச்சியைக் கட்டி, உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில் சிவப்பு நூல் சுற்றினேன். ஒரு வாரம் அந்த நூலைப் பார்த்துப் பேசினார்கள். பிறகு குச்சியை எடுத்துவிட்டேன்.

எடுத்த அன்றே பார்வை தவறியது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தவறியது. நூல் இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, இடது பக்கமாக... தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் இடத்தில்.

திட்டினேன். நர்சக்கா கொட்டாவி விட்டபடி சொன்னார்.

"நான் வேணும்னேவா பார்க்கிறேன்? கண்ணு தானா அங்க போகுதும்மா."

இன்னொரு நாள் கால் வலிக்கிறதே என்று அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா ஓடிவந்து என் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு. அதுல உட்காராத."

வசனத்தில் இல்லாத பேச்சு. இரண்டு வருடத்தில் முதல் சொந்தப் பேச்சு. முடி பிய்ந்த வலியிலும் சிரித்தேன். நர்சக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நாடக நாள். ஞாயிறு மாலை. சின்ன அரங்கம். மடக்கி விரிக்கும் இருக்கைகள், உட்கார்ந்தால் கீச்சிடும். மேடையிலிருந்து மூன்று படி இறங்கினால் நடுவில் நடைவழி. மூன்றாவது வரிசையில் அப்பாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். என் இடது பக்கம் அப்பா. வலது பக்க இருக்கை காலி.

பாப்பா பேசினாள். தடுமாறவில்லை. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கடைசிக் காட்சி. பாப்பா நர்சக்காவைப் பார்த்து நிற்க வேண்டும். அவள் திரும்பினாள். கூட்டத்தில் தேடினாள். இருட்டில் என்னைக் கண்டுபிடித்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க அக்காகூடப் போங்க."

அம்மா என்ற சொல்லை விட்டுவிட்டாள். 'நீ' என்று எழுதியதை 'நீங்க' என்றாள். பதற்றம் என்று நினைத்தேன். விளக்கு அணைய வேண்டிய நேரம். அணையவில்லை. விளக்குக்காரரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஏனென்றால், பாப்பா, நர்சக்கா இருவர் பார்வையும் நாற்காலியிலிருந்து மேலே ஏறியது.

மெதுவாக. ஒரே சீராக. யாரோ கைப்பிடியை ஊன்றி எழுவதுபோல.

பாப்பா டேப் இடைவெளிக்கு நடந்தாள். கையை நீட்டினாள். இல்லாத கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு மூடினாள்.

நான் அப்படி எழுதவே இல்லை.

இருவர் தலையும் சேர்ந்து திரும்பியது. படி. அடுத்த படி. அடுத்தது...

நடைவழி.

முதல் வரிசை. இரண்டாவது.

என் வரிசை.

பார்வை என் வலது பக்கம் வந்து நின்றது. பிறகு கீழே இறங்கியது.

விளக்கு அணைந்தது.

கீச்...

பக்கத்து இருக்கை விரிந்தது.

காய்ந்த உள்ளங்கை ஒன்று... என் வாய்மேல்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. விளக்கு வந்தபோது இருக்கை மடங்கித்தான் இருந்தது. பாப்பா மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, "அப்பா, நல்லா பண்ணேனாப்பா?" என்றாள். அப்பா அவளைத் தூக்காத குறை. விடாமல் பேசினாள். அறிமுகம் இல்லாதவர்களிடமெல்லாம் பேசினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை.

இன்றுவரை வரவில்லை. அதே டாக்டர்தான் பார்த்தார். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லையாம். அப்பா என்ன சொன்னார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து, நான் தனியாக இருக்கும் அறைக்குப் பாப்பா வந்தாள். நான் எதுவும் கேட்காமலே அவளாகச் சொன்னாள். அவள் வாழப்போன வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்குமாம். யாரும் உட்கார மாட்டார்களாம். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் போன முதல் நாள் அசதியில் அதில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் பார்த்துவிட்டு, திட்டவில்லையாம். "இனிமே நமக்கு நிம்மதி" என்று பாப்பாவின் புருஷனிடம் சொன்னாளாம்.

"யாருன்னு எனக்கும் தெரியாதுக்கா. வயசானவங்க. வாயத் தொறந்தா கைய வச்சிடுவாங்க. நாற்காலி போட்டா மட்டும் கைய எடுத்துட்டுப் போய் உட்கார்ந்துப்பாங்க. அதனாலதான் அங்க மட்டும் பேச முடிஞ்சுது."

தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். *தெரிந்தே செய்தாயா?*

அவள் அதைப் படித்தாள். நகத்தைக் கடித்தாள்.

"வேற யார்கூடவாவது போகச் சொல்லி நீ எழுதலையேக்கா."

இப்போது அவளுக்கு ஒரு துணிக்கடையில் வேலை. வாடிக்கையாளர்களிடம் நன்றாகப் பேசுகிறாள் என்று பெயர். என்மேல் பாசம் குறையவில்லை. தினமும் மாலையில் போன் செய்கிறாள். நான் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். கடை, பேருந்து, அப்பாவின் மூட்டுவலி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பாள். மறந்ததே இல்லை.

"அவங்க சாப்பிட்டாங்களாக்கா?"