மூக்காயி வாக்கிங் போன வரலாறு

'வாக்' என்கிற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் அவ்வளவு சரியில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பு வெள்ளைக்காரன் ஊரில் அதற்கு நடப்பது என்று பொருளே கிடையாது. உருளுவது, புரளுவது என்றுதான் பொருள். இன்னொரு பக்கம், ஈரக் கம்பளியைக் காலால் மிதித்து மிதித்துப் பதப்படுத்தியவனுக்கும் அந்தப் பெயர்தான். பிற்பாடுதான் இரண்டு காலால் ஒழுங்காக நகர்வது என்று சொல்லிக்கொண்டு நல்ல பிள்ளையானது. இப்படி ஆளுக்கொரு பூர்வீகம் சொல்கிற யாரையும் எங்கள் பக்கத்தில் வாசல்படி ஏற விடமாட்டார்கள்.

திண்டுக்கல்லுக்கு வந்தபோது அந்தச் சொல் 'வாக்கிங்' ஆகி, இன்னும் சந்தேகத்துக்குரிய பொருளைச் சம்பாதித்திருந்தது. எங்கேயும் போகாமல், எதையும் வாங்காமல், கையை வீசிக்கொண்டு போய் அப்படியே திரும்பி வருவதற்குப் பெயர் வாக்கிங். டவுனில் ஓய்வு பெற்றவர்கள் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் இதைச் செய்கிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. டவுனுக்கு வெளியே இருக்கிற அகரம் அப்படிப்பட்ட ஊர் அல்ல. அங்கே ஒரு மனிதர் நடந்தால் அது கடைக்கு, காட்டுக்கு, கருமாதிக்கு என்று ஏதாவது ஒன்றுக்காகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஊருக்குள் வாக்கிங்கைக் கொண்டுவந்த பெருமை சோலைமுத்துவின் மனைவி மூக்காயியைச் சேரும். வயது ஐம்பதைத் தாண்டியவர். சம்பங்கியும் கத்தரியும் போடுகிற குடும்பம். அவர் வெறுங்கையோடு நடந்ததை ஊர் பார்த்ததில்லை. போகும்போது மண்வெட்டி, வரும்போது புல்லுக்கட்டு. கல்யாணமாகி வந்த அன்றைக்கே கையில் குத்துவிளக்கோடுதான் வந்தார்.

அப்படிப்பட்டவரிடம், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, திண்டுக்கல் டாக்டர் ஒருவர் சொன்னார்: "சக்கரை இருக்கும்மா. தினமும் நடக்கணும்."

"நடக்காம, பின்ன பறந்தா வாரேன்?"

"வேலைக்கு நடக்கிறது கணக்கில சேராது. கையில ஒண்ணும் இல்லாம, நிக்காம, வேகமா நடக்கணும். வாக்கிங்."

இத்தனை வருஷம் நடந்ததை ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்த டாக்டரை மூக்காயி மேலும் கீழும் பார்த்தார். உடன் வந்திருந்த மகள் பவித்ராவிடம், படியிறங்கும்போதே கண்டிப்பாகச் சொன்னார்.

"ஏண்டி, இது வெளிய தெரியக் கூடாது. வடமதுரைக்காரவுக காதுக்குப் போச்சு, அம்புட்டுத்தான். ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு எவளாவது ஒருத்தி சொன்னாப் போதும்."

வடமதுரைக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீடு. பவித்ராவுக்கும் அந்த ஊர் முகேஷ்குமாருக்கும் பேசி முடித்திருந்தது. இதே காரணத்தால் பக்கத்துத் தெருவில் ஒரு சம்பந்தம் கலைந்ததை மூக்காயி கண்ணால் பார்த்தவர்.

"அப்பாட்டயாவது சொல்லுவோம்மா."

"உங்கப்பாட்டச் சொல்றதும் மைக் செட்டுல சொல்றதும் ஒண்ணு."

மறுநாள் விடிகாலையில் மூக்காயி கையை வீசிக்கொண்டு தாடிக்கொம்பு ரோட்டில் இறங்கினார். டீக்கடை சகாயராஜ் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்டால் காரியம் கெடும் என்பதால் முறையாகவே கேட்டார்:

"என்னக்கா, தூரமா?"

"சும்மாதான் தம்பி."

சகாயராஜின் துணி நின்றது. பட்டப்பகலில் திருட்டு நடந்தால்கூடத் தாங்கிக்கொள்கிற ஊர். சும்மா நடப்பதைத் தாங்காது. மத்தியானத்துக்குள் இரண்டு பெண்கள் உப்பு வாங்குகிற சாக்கில் வந்து, வீட்டில் சண்டையா என்று விசாரித்துவிட்டு உப்பை மறந்து போனார்கள்.

மூக்காயி யோசித்தார். தப்பு நடையில் இல்லை, வெறுங்கையில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். அடுத்த நாளிலிருந்து கையில் ஒரு தூக்குவாளி. தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டு போகிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். டாக்டர் வந்தா பார்க்கப் போகிறார்?

கணக்கில் ஒரே ஒரு பிசகு. அவர்கள் தோட்டம் கிழக்கே இருந்தது. வாக்கிங் மேற்கே போனது.

டீக்கடை விசாரணைக் கமிஷனாக மாறியது. மேற்கே யார் இருக்கிறார்? கருப்பணன் இருக்கிறார். சோலைமுத்துவின் தம்பி. கிணற்றுப் பங்கில் அண்ணனோடு முறைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தை அற்றுப்போய் வருஷக்கணக்காகிறது. அவர் மனைவியும் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அப்படியானால் சோறு எங்கிருந்து வருகிறது? இதோ வருகிறது, தூக்குவாளியில்.

"கருவாட்டுக் கொழம்புப்பா. என்னைத் தாண்டிப் போகையில மணந்துச்சு" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம்கூட முடிவாகிவிட்டது. கருப்பணனையே நேரில் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, மீசையை மட்டும் தடவிக்கொண்டார். ஊரே சேர்ந்து தனக்குச் சோறு போடும்போது அதை அவர் ஏன் கெடுக்க வேண்டும்?

சோலைமுத்து வாய்விட்டுக் கேட்கவில்லை. அடுப்படிக்குள் போய்க் குழம்பில் கரண்டியை விட்டு ஆழம் பார்த்தார். அரிசிப் பானையைத் தூக்கி எடை பார்த்தார். எதுவும் குறையவில்லை என்பது அவர் சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது. இவ்வளவு சாமர்த்தியமாக எடுக்கிறாளே!

செய்தி வடமதுரைக்குப் போக அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலையில், மாப்பிள்ளையின் தாய் வெள்ளத்தாயி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பொண்ணு கொடுக்கிற வீட்டில் பங்காளிச் சண்டையா, அதை மறைத்து ஒரு உறவா என்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் பூ வைப்பதில்லை என்று கிளம்பியவர். தூக்குவாளி கடைமுனையைத் தாண்டியதும் பின்னாலேயே போனார். அவருக்குப் பின்னால், தென்னைமரம் தென்னைமரமாக ஒளிந்துகொண்டு சோலைமுத்துவும் போனார். மூன்று பேரும் நல்ல வேகத்தில் நடந்தார்கள். டாக்டர் பார்த்திருந்தால் பூரித்திருப்பார்.

கருப்பணன் வீட்டுக்குப் பிரிகிற பாதையில் மூக்காயி திரும்பவே இல்லை. நேராகப் போய், வாய்க்கால் பாலத்தைத் தொட்டு, வந்த வழியே திரும்பினார். எதிரே சம்பந்தி.

"மதினி! என்ன விடிஞ்சும் விடியாம?"

"அது இருக்கட்டும். தூக்குல என்ன?"

"கஞ்சி."

"யாருக்கு? தெறங்க பாப்போம்."

"எச்சிக் கஞ்சி மதினி."

"பரவால்ல, தெறங்க."

திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வெள்ளத்தாயி இரண்டடி பின்வாங்கினார்.

"வெறும் தூக்கா? விடியக்காலம் வெறும் தூக்கத் தூக்கிட்டு நடக்கிறீகளா? ஆருக்கு என்ன வச்சுட்டு வாரீக?"

செய்வினைக்காரி என்கிற பெயரா, சர்க்கரைக்காரி என்கிற பெயரா? மகளின் கல்யாணம் இந்த நடுரோட்டில் நின்றது. இன்னொரு பொய் சொல்லலாம்தான். ஆனால் அதைத் தாங்குவதற்குக் கையில் இன்னொரு பாத்திரம் இல்லை.

"எனக்குச் சக்கரை மதினி. டாக்டரு நடக்கச் சொன்னாரு. வெறுங்கையோட நடந்தா ஊரு பேசுதுன்னு இதத் தூக்குனேன். கல்யாணம் நின்னுருமோன்னுதான் மறைச்சேன். இனிமே ஒங்க இஷ்டம்."

தென்னைமரத்துக்குப் பின்னாலிருந்து சோலைமுத்து வெளிப்பட்டார்.

"அப்ப கருவாட்டுக் கொழம்பு?"

"ஒரு மண்ணும் இல்ல. போயி மாட்ட அவுத்துக் கட்டுங்க."

வெள்ளத்தாயி குனிந்து தூக்குவாளியை ஒரு தரம் மோந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தானா மதினி? நான் பங்காளித் தகராறுன்னுல்ல பயந்தேன். சக்கரைக்காகக் கல்யாணத்த நிறுத்துனா, எங்க வீட்டுக்காரரு மாத்திரைய நான் எங்கிட்டுக் கொண்டு போயி ஒளிக்கிறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

மூக்காயி மூடியை அழுத்தி மூடினார். இத்தனை நேரம் குனிந்திருந்த தலை இப்போது மெதுவாக நிமிர்ந்தது.

"ஓ. மாப்பிள்ளையோட அப்பாவுக்கா? பேசி முடிக்கையில ஒரு வார்த்த வரலையே?"

"நீங்களும்தான் சொல்லல."

"வேற என்னத்த மறைச்சிருக்கீக?"

"ஒண்ணுமில்ல மதினி. ஒங்களுக்கு?"

"எங்களுக்கும் ஒண்ணுமில்ல."

இருவரும் சேர்ந்தே ஊருக்குத் திரும்பினார்கள். சகாயராஜ் கடையில் இரண்டு டீ சொன்னார்கள். சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை.

கல்யாணம் தை மாதத்தில் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சம்பந்திகள் நாலு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்திருந்தார்கள். ஜாங்கிரி பரிமாறிக்கொண்டு வந்தவர் தங்கள் வரிசையை நெருங்கியதும், நாலு பேரும் தங்கள் இலையை விட்டுவிட்டு, யார் வேண்டாம் என்று கை காட்டுகிறார்கள் என்று அடுத்தவர் இலையைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.