மயிலாத்தாள் பார்த்துக் கொடுத்த காளான்

வேலம்பாளையத்தில் யார் காளான் பறித்தாலும் மயிலாத்தாளிடம் காட்டாமல் சட்டியில் போடமாட்டார்கள். பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் அவள், கறையான் புற்றுக்குள் நீளமாக வேர்விட்ட காளானைத்தான் நல்லதென்பாள். மற்றதையெல்லாம், கொண்டுவந்தது யாரென்று பார்க்காமல் வீசிவிடுவாள்.

அவள் கணவர் ஆத்தப்பனுக்கு அறுபத்தாறு வயதில் நெஞ்சுவலி வந்தது. ஆட்டுக்கறியும் நெய்யும் கூடவே கூடாதென்றார் அவிநாசி டாக்டர். கறியில்லாத ஞாயிறுகளில் ஆத்தப்பன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். போகப்போக எல்லா நாளும் அப்படியே ஆயிற்று. யாரோடும் பேச்சில்லை.

ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள், மயிலாத்தாள் புற்றுக்காளான் பறித்து வந்தாள். கறிக்கு வறுப்பதுபோலவே கொத்தமல்லி வறுத்து அரைத்து, எண்ணெயை மட்டும் குறைத்துக் குழம்பு வைத்தாள். ஆத்தப்பன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் பதறினார்.

"ஏம்புள்ள, டாக்டரு கறி வேண்டாம்னாருல்ல?"

"கறி எங்கீங்க இருக்குது? காளானுங்க!"

மறுநாள் விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு அவரே காட்டுக்கு நடந்தார். தினமும் நடந்தார். மழைக்காலம் முடிவதற்குள் முகம் தெளிந்தது, பேச்சும் திரும்பியது. டாக்டரிடம் போனபோது நாடித்துடிப்பைப் பார்க்கவிடாமல் காளான் பெருமையே பேசினார்.

அடுத்த ஐப்பசியில் அந்த டாக்டரே கைக்குட்டையில் காளான் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இதையெல்லாம் சாப்பிடலாமாம்மா?"

மயிலாத்தாள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, மூன்றை எடுத்து வெளியே வீசினாள்.

"இந்த மூணையும் தின்னிருந்தீங்கன்னா, உங்களுக்கு வேற டாக்டரத் தேடியிருக்கோணுமுங்க."