உடையாத அம்புகள்

அப்பா கம்பெனிக்கு பேலட் அடிக்கிறவர். பெரிய எந்திரங்களை லாரியில் ஏற்றும்போது அடியில் வைக்கிற மரத்தட்டுக்குப் பேர் பேலட். ஓசூரில் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் வேண்டும். அப்பா அடித்த பேலட் உடைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் அம்பு விட்டாள். மூங்கில் வில், மர அம்பு. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் தேர்வு வைப்பார்கள், அதில் எடுத்துக்கொண்டால் விளையாட்டு விடுதியில் சாப்பாடு போட்டு மேலே படிக்க வைப்பார்கள் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் தளிப் பக்கம் அம்மா பிறந்த ஊரில் ரோஜாத் தோட்டத்து வேலை. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாலாவது படித்த எனக்கே தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடத்து அம்பு அடிக்கடி உடையும். எங்கள் பக்கம் மண்ணைவிடக் கல் அதிகம். குறி தப்பிக் கல்லில் பட்டால் முனைக்குப் பின்னாலேயே முறிந்துவிடும். அப்படி முறிந்த ஒன்றை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி வலு இல்ல," என்றார்.

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை. வெளிநாட்டிலிருந்து எந்திரம் வந்த பெட்டிகளின் பைன் பலகையில் கணு இல்லாததாகப் பார்த்து, கேட்டு வாங்கி வந்தார். மெல்லிசாக அறுத்தார். இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு அதற்குள் விட்டு இழுத்து உருளையாக்கினார். ரோட்டை அகலப்படுத்த வெட்டிப் போட்ட புளியமரத்தின் வைரத்தை, உள்ளே இறுகிப்போன நடுமரத்தை, எங்கிருந்தோ தூக்கி வந்தார். கறுப்பேறிய கட்டை. ரம்பத்துப் பல் மழுங்கிப் போகும். அதில் விரல் நீளத் துண்டுகள் செய்து, நடுவில் பிளவு விட்டு, பைன் குச்சியின் நுனியை ஆப்பு மாதிரி சீவி அதற்குள் இறக்கிக் கோந்து வைத்தார். சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். காய்ந்ததும் அவிழ்த்து உப்புத்தாள் போட்டார். கறுப்பு மரத்துக்குள் வெள்ளை மரம் நாக்கு நீட்டினது போல இருக்கும். விரலால் தடவினால் எங்கே சேர்ந்திருக்கிறது என்று தெரியாது.

மரத்தூள் எல்லாவற்றிலும் விழுந்தது. "சோத்தெல்லாம் தூளு. அம்பைத் தின்னுட்டுத்தான் அம்பு விடணுமா உம் பொண்ணு?" என்று அம்மா கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே தட்டில் ஊதிவிட்டுச் சாப்பிட்டார்.

முதல் அம்பு முடிந்ததும் அதை வாசல் கல்லில் ஓங்கிக் குத்தினார். உடையவில்லை. அக்காவிடம் நீட்டினார். அன்றைக்கு இருந்த மாதிரி அவர் முகத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பி.டி. சார் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து வெட்ட வெளியில் பழக்குவார். அப்பாவுக்கு அன்றைக்கு ஓவர்டைம். அம்பு பொறுக்கிக் கொடுக்க அக்காவோடு நான் போனேன்.

அப்பா செய்த அம்பில் முதலில் விட்டது டார்கெட் வரைக்கும் போகவில்லை. அடுத்தது அதன் காலடியில் விழுந்தது. வில்லைக் கொஞ்சம் உயர்த்தினாள். ஒன்று போய்க் குத்தியது. அதே உயரத்தில் விட்ட இன்னொன்று மறுபடி விழுந்தது. சார் இரண்டு அம்புகளை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணொண்ணும் ஒரு எடை. முன்னாடி ஒரே கனம். இது அம்பு இல்லம்மா, கடப்பாரை," என்றார். தேர்வுக்குப் பள்ளிக்கூடத்து அம்பில் நல்லதாக எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அக்கா சரிங்க சார் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். நல்லா போச்சுப்பா என்றாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயைத் திறக்கவில்லை.

தேர்வன்றைக்கு அப்பா லீவு போட்டார். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்புக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார்.

மைதானத்தில் கயிறு கட்டியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அப்பா நின்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், இரண்டு விரலைப் பிளந்து அதற்குள் இன்னொரு கை விரலை நுழைத்து, மரம் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னப் பெண் என்பதால் சார் என்னைக் கயிற்றுக்கு உள்ளே விட்டிருந்தார்.

அக்கா முறை வந்தது. சார் பள்ளிக்கூடத்து அம்புகளை நீட்டினார். அக்கா கயிற்றுப் பக்கம் பார்த்தாள். அப்பாவின் விரல் இன்னும் விரலுக்குள் இருந்தது. அவள் குனிந்து அப்பாவின் அம்புக் கட்டைப் பிரித்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் சார், மெல்ல.

"இருக்கட்டுங்க சார்."

எல்லாம் அணைக்கரையில் நடந்தது மாதிரியே நடந்தது. சில அம்பு விழுந்த இடத்தைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். அக்கா வேகமும் காட்டவில்லை, நிறுத்தவும் இல்லை. கடைசி அம்பையும் ஒழுங்காக நின்றுதான் எய்தாள்.

முடிந்ததும் அப்பா ஓடிப் போய்ப் பொறுக்கினார். சட்டையிலேயே மண்ணைத் துடைத்தார். சாரிடம் கொண்டுவந்து காட்டினார். "பாருங்க சார், ஒண்ணுகூட உடையல."

சார் ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆமாங்க. நல்ல வேலை," என்றார்.

பெயர் வாசித்தார்கள். அக்கா பெயர் இல்லை.

பஸ்ஸில் கூட்டம். அம்புக் கட்டை அப்பா மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்பு மேல ஒரு குத்தமும் இல்ல. உனக்குக் கை நடுங்கிடுச்சும்மா," என்றார்.

"ஆமாப்பா," என்றாள் அக்கா.

நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் என் காலை மிதித்தாள். வலித்தது.

வீட்டில் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மனசு நொந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். "ஹோக்லி பிடு," என்றாள், போகட்டும் விடு என்று. அக்காவுக்குச் சொன்னாளா அப்பாவுக்குச் சொன்னாளா தெரியவில்லை.

பரீட்சை முடிந்ததும் அக்கா ரோஜாத் தோட்டத்துக்குப் போனாள். அடுத்த வருசத் தேர்வுக்கு என்று அப்பா மிச்சமிருந்த புளிய வைரத்தை அறுக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அடுத்த வருசம் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அக்கா பயந்து போய்த்தான் அந்த அம்பை எடுத்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அப்பா எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. அதட்டினதுகூட இல்லை. அப்படிப்பட்ட மனுசனிடம் என்ன பயம் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.