எச்சரிக்கையை யார் போய்ப் பார்த்தார்கள்

வங்காளத்தில் எங்கள் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலையொட்டி நடத்தும் பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். யார் எதை நம்புகிறார்கள் என்று கேட்கும் வழக்கமில்லை. சமையலில் கெட்டிக்காரர் கணவனா மனைவியா என்பதுபோன்ற தலைப்புகளையே வருடா வருடம் கேட்டுச் சலித்துப்போன இளைய ஆட்கள் நாங்கள் சிலர், இந்த முறை கொஞ்சம் கனமான ஒன்றை வைக்கலாம் என்றோம். சில வருடங்களுக்கு முன் வேறொரு மாநிலத்தில், ஒரு சந்தையில் குண்டு வெடித்தது. அதற்கு முன்பே உளவுத்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது என்று பிறகு செய்தி வந்தது. அதை ஆட்சியில் இருந்தவர்கள் அலட்சியம் செய்தார்களா, இல்லையா? இதுதான் தலைப்பு. எனக்கு ‘இல்லை’ என்ற சீட்டு வந்தது.

வந்ததில் எனக்கு வருத்தமில்லை. சால்ட் லேக்கில் ஒரு நிறுவனத்தின் கணினிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கண்காணிப்பது என் வேலை. ஏதாவது பிசகினால் திரையில் சிவப்பாக ஓர் அலர்ட் வரும். ‘பார்த்தேன்’ என்று அழுத்தினால் மஞ்சளாகும். ஒரு ஷிஃப்டில் வருவதை எண்ணிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அவற்றில் உண்மையான கோளாறு எது என்பது கணினி நின்ற பிறகுதான் தெளிவாகத் தெரியும். அரசாங்கத்துக்கும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. பழைய செய்திகளைத் தேடிப் படித்து, எச்சரிக்கைகளை மூன்று வகையாகப் பிரித்தேன்: இடம் சொல்லி நாள் சொல்லாதவை, நாள் சொல்லி இடம் சொல்லாதவை, இரண்டையும் சொல்லி யார் சொன்னது என்பதைச் சொல்லாதவை. முழுமையான நான்காவது வகை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கண்டுபிடிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

என் தமிழ்தான் பிரச்சினை. எனக்கு வங்காளம் ஓடும், தமிழ் நடக்கும். அதனால் எழுதியதை எடுத்துக்கொண்டு, டாக்குரியாவில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் அக்காவிடம் போனேன். அவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில், வரும் காகிதங்களைப் பதிந்து பிரித்து அனுப்பும் தபால் பிரிவில் இருக்கிறார். தனியாக வசிக்கிறார். அவருடைய தம்பி ஏதோ விபத்தில் இறந்துபோனார் என்று மட்டும் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, முதல் பக்கத்தில் ஆறு பிழைகளைத் திருத்தினார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

“இது எந்த மார்க்கெட்டு?”

சொன்னேன்.

“என் தம்பி அங்கதான் போனான்.”

நான் காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“சாரிக்கா. எனக்குத் தெரியாது. நான் பேரை எடுத்துடறேன், வேற யாராவது பேசட்டும்.”

“தூர்!” என்று வங்காள மொழியில் அதட்டினார். “எதுக்கு? உக்காரு.” பேனாவை மூடினார். “அன்னைக்குக் காலையில போன் பண்ணினான். ‘எனக்கு ஷால் வாங்கிட்டு வா’ன்னு நான்தான் சொல்லியிருந்தேன். ‘அக்கா, மார்க்கெட் வாசல்ல போலீஸ் நெறைய நிக்குது, போகவா வேண்டாமா’ன்னான். பண்டிகை சமயத்துல எப்பவும் நிப்பாங்க, போயிட்டு வாடான்னேன்.”

நீட்டிய கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அவங்க அலட்சியம் பண்ணினாங்களான்னு நீங்க பேசிக்கறீங்க. நானும் பண்ணினேனான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். நல்லாப் பேசு. ‘ஏற்ப்பாடு’ன்னு எழுதாத, ஒரு ‘ப்’ அதிகம்.”

அதன் பிறகு மூன்று நாட்கள் நான் அந்த உரையை வேறு மாதிரி படித்தேன். ‘பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது அமைச்சர்களுக்காக எழுதியது. இப்போது அது அக்காவுக்கும் பொருந்துமா என்று சோதித்துக்கொண்டே இருந்தேன். பொருந்துகிறது என்று ஒரு நேரம் தோன்றும், அவருக்காகவே பொருத்திப் பார்க்கிறேனோ என்று இன்னொரு நேரம் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அரங்கில் பாதி நாற்காலி நிரம்பியிருந்தது. வெண்பொங்கலும் சிங்காரா என்கிற வங்காளச் சமோசாவும் ஒரே தட்டில் வந்தன. அக்கா மூன்றாவது வரிசையில், காட்டன் புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரணியில் எனக்கு முன்னால் பேசியவர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு மாமா. நல்ல குரல் அவருக்கு.

“அடுத்துப் பேசப்போற பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கு. அவங்களுக்கு எது படுத்தாலும் கவலையில்ல, ரீஸ்டார்ட் பண்ணிடுவாங்க. செத்தவனை எப்படிம்மா ரீஸ்டார்ட் பண்ணுவ?”

கைதட்டல் எழுந்தது. நான் மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் எழுந்து போனேன்.

என் மூன்று வகைகளைச் சொன்னேன். எங்கள் அலர்ட்களைச் சொன்னேன். “எச்சரிக்கை ஒண்ணே ஒண்ணு வந்து, அதைத் தூக்கிப் போட்டிருந்தா அது அலட்சியம். நூறு வந்து, தொண்ணூத்தொம்பது பொய்யா இருந்து, நூறாவதுல ஏமாந்தா அதுக்குப் பேர் அலட்சியமா?” என்று கேட்டேன். கூட்டம் ரசித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “பேஷ், பெங்காலிப் பொண்ணு தமிழ் பேசுதே!” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீர்ப்புக்கு முன் பார்வையாளர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் எடுப்பது எங்கள் பட்டிமன்றத்தின் வழக்கம். முதல் கேள்வி மாமாவின் குரல் பற்றிய கிண்டல். இரண்டாவதாக அக்கா எழுந்தார்.

“தொண்ணூத்தொம்பது பொய்னு சொன்னியேம்மா. பொய்னு யாருக்குத் தெரியும்? யாராவது போய்ப் பாத்தாங்களா? இல்ல, ஒண்ணும் நடக்கல, அதனால பொய்னு வெச்சுக்கிட்டாங்களா? எங்க ஆபீஸ்லயும் காகிதம் வரும். ‘பார்த்தேன்’னு இனிஷியல் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவோம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கறதில்ல.”

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என் சுட்டெலிதான். சிவப்பை மஞ்சளாக்க ஓர் அழுத்து போதும். எதையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

“தெரியலக்கா. அந்த மாதிரி நான் தேடல,” என்றேன்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. கணினித் துறையின் கணக்குத் தன்னைக் கவர்ந்துவிட்டது என்று சொல்லி எங்கள் அணிக்கே தீர்ப்பு எழுதினார். எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. மாமா வந்து கை குலுக்கி, “அந்தம்மா யாரு? நம்ம டீம்ல இருந்திருக்கணும்,” என்றார். மேல் மாடி அக்கா என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோ பிடிக்காமல் அக்காவும் நானும் ஏரிப் பக்கமாக நடந்தோம். என் மேல் கோபமா என்று கேட்டேன்.

“கோபமா? நீ பேசினப்பதான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துது.” அக்கா நின்றுவிட்டார். “நான் அவன்கிட்ட கேட்டேன்டீ. ‘கடையை மூடறாங்களா, உள்ள போறவங்களைத் திருப்பி அனுப்பறாங்களா’ன்னு கேட்டேன். ‘இல்லக்கா, எல்லாம் தெறந்திருக்கு, வாசல்ல பையைப் பாக்கறாங்க, அவ்வளவுதான்’ன்னான். அதுக்கப்புறந்தான் போடான்னேன். இத்தனை வருஷமா ‘போயிட்டு வா’ன்னு சொன்னது மட்டும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. கேட்டது மறந்தே போச்சு.”

“அப்ப நீங்க பாத்தீங்கக்கா.”

“பாத்தேன். பாத்தும் போகச் சொன்னேன். அது மனசை விட்டுப் போகாது.” மறுபடி நடக்கத் தொடங்கினார். “ஆனா, நான் கேட்ட அளவாவது அவங்க கேட்டாங்களா?”

அன்று பிற்பகல் அக்கா வீட்டு மேஜையில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதினோம். டைப் செய்தது நான், சொன்னது அக்கா. உளவுத்துறைக்கு எழுதலாம் என்றேன்.

“வேண்டாம். பாதுகாப்பு விஷயம்னு ஒரே வரியில திருப்பிடுவான். அந்தச் செய்தி கடைசியா வந்து சேர்ற இடம் எது? ஜில்லா ஆபீஸ். அங்க வர்ற காகிதத்தையெல்லாம் பதியற இன்வர்ட் ரெஜிஸ்டர் இருக்கும். அதைக் கேளு.”

‘அலட்சியமாக விடப்பட்ட எச்சரிக்கை குறித்து’ என்று பொருள் எழுதியிருந்தேன். அக்கா ‘அலட்சியமாக விடப்பட்ட’ என்பதை எடுக்கச் சொன்னார். அந்த வார்த்தையைப் பார்த்தால் வாங்குகிற குமாஸ்தா பயந்து மேலே தள்ளிவிடுவாராம். அதற்குப் பதிலாக நான்கு கேள்விகள்: காகிதம் என்று வந்தது, எந்த எண்ணில் பதியப்பட்டது, யாரிடம் தரப்பட்டது, அவர் நேரில் போய்ப் பார்த்தாரா என்பதும் பார்த்திருந்தால் எழுதிய குறிப்பின் நகலும். கடைசியை இரண்டாகப் பிரித்தால் ஐந்து ஆகும் என்றேன். பிரிக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோரப்பட்ட தகவல் வேறு பிரிவைச் சார்ந்தது என்பதால் மனு அங்கே மாற்றப்பட்டுள்ளது என்று ஒரே பத்தி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தின் மூலைகளையெல்லாம் படித்தார். இடது ஓரத்தில் பேனாவால் எழுதிய ஓர் எண்ணையும் அதன் கீழே ஓர் இனிஷியலையும் காட்டினார்.

“இது பழைய ஃபைல் நம்பர், அந்த வருஷம் போட்டிருக்கு. நம்ம மனுவோடது இல்ல. யாரோ ஒருத்தர் எழுந்து போய் எடுத்துப் பாத்திருக்காரு.”

அந்த எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த மனுவை அன்றே எழுதினோம்.