பூவரசனுக்கு எடுத்து வைத்த பழம்

பாலக்கோடு தக்காளி மண்டியில் பானுமதி பழம் பிரிக்கும் வேகத்தைப் பார்த்தால் கண் சுற்றும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு நல்லதையும் நசுங்கலையும் வேறு வேறு பெட்டியில் போட்டுக்கொண்டே இருக்கும். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயதாகியிருந்தது. போனால் போகிறது என்று சிரித்துக்கொண்டு திரிந்தவள்தான், கடத்தூர் பூவரசன் மினி லாரி ஓட்டிக்கொண்டு வந்து சேரும்வரை.

அவன் கல்யாணமானவன். தெரிந்தும் பாழும் மனசு கேட்கவில்லை. அவன் லாரி ஹாரன் கேட்டாலே கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்யப் போகும்.

வெளியூர் வரை தாங்காத கனிந்த பழத்தை, பிரிக்கிற பெண்கள் வேண்டியவர்களுக்குக் கொடுப்பது மண்டி வழக்கம். பானுமதி அந்தச் சாக்கில் மேலே கனிந்ததைப் பேருக்கு நாலு பரப்பி, அடியில் முதல் தரத்தை ஒளித்துப் பூவரசனுக்குப் பை கட்டுவாள். தன் கைபட்டதை அவன் ருசித்துச் சாப்பிடுகிறான் என்று நினைத்தாலே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

பதிலுக்கு அவன் மனைவி ஜெயபிரியா தக்காளித் தொக்கு கொடுத்தனுப்புவாள். அங்கேதான் உறுத்தல். அடுத்தவள் புருஷன்மேல் ஆசை வைத்துவிட்டு அவள் சமையலையே தின்கிறோமே என்று கூசிக் கூசித்தான் டப்பாவைத் திறப்பாள். ஆனால் வழித்துத் தின்றுவிட்டுத்தான் மூடுவாள். கைப்பக்குவம் அப்படி.

ஆடி மாதத்தில் ஒருநாள் பூவரசன் குரலைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மட்டும் ஒகேனக்கல் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது. அன்று மாலையே மயில்கழுத்து நிறப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் லாரியிலிருந்து முதலில் இறங்கியது ஜெயபிரியா. இடுப்பில் குழந்தை, கையில் தொக்கு டப்பா. தக்காளி கொடுக்கும் அக்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து ஏறி வந்திருந்தாள். பூவரசன் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டான்.

"அவரு தக்காளிய வாயிலயே வெக்கமாட்டாருங்க்கா, நெஞ்சு எரியுதும்பாரு," என்றாள் ஜெயபிரியா. "அத்தனையும் நாந்தான் தின்னேன். இவன் வயித்துல இருந்தப்ப நீங்க குடுத்துவுட்ட பழந்தான் எறங்குச்சு. வேற ஒண்ணும் தங்கலைங்க."

பானுமதிக்குச் சுருக்கென்றது. அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. ஆசை ஆசையாகப் பொறுக்கியதெல்லாம் போய்ச் சேர்ந்த வயிறு இதுவா? குழந்தையைக் கை நீட்டி வாங்கினாள். நல்ல கனம். பரவாயில்லை, நன்றாகத்தான் ஊட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பையை வாங்கப் பூவரசன் கை நீட்டினான். பானுமதி அவனைத் தாண்டிப் போய் அதை ஜெயபிரியாவிடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சொல்லவில்லையே என்று அவன் முணுமுணுத்தான்.

"உங்களுக்குன்னு இனி நான் எதுவும் எடுத்து வெக்கிறதில்லீங்க," என்றாள்.

லாரி போய்விட்டது. ஆசை போன பாடில்லை, அது அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் அழலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் பசித்தது. டப்பாவைத் திறந்து, தொக்கைச் சோற்றில் போட்டுப் பிசைந்து, முதல் தடவையாகக் கூச்சமில்லாமல் சாப்பிட்டாள்.