பூசை முடியச் சந்திப்போம்

போர்த்துக்கலில் இருந்து வந்த ஐயா ஒருவர் எங்கள் தலைமன்னார் வீட்டில் தங்கியிருந்தார். படகில் கூட்டிப்போக, கைபேசியில் படித்த போர்த்துக்கீசில், "ஞாயிறு பூசை முடியக் கடற்கரையில் சந்திப்போம்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

எங்களுக்கு அது காலை ஆறு மணிப் பூசை. முடிந்து போய்ப் பார்த்தால், கரையில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. படகுக்கார அண்ணையிடம் ஓடினேன்.

"அண்ணை, ஐயாவைக் காணேல்லை, ஓடி வாங்கோ!"

இரண்டு படகுகள் தேடிப் போயின. நான் செருப்பைப் பிடித்தபடி செபமாலை சொன்னேன்.

பத்து மணிக்கு வெறுங்காலுடன் சிரித்துக்கொண்டு வந்தார். விடியவே கரையில் உலாவியவர், கடலுக்குப் போகிறவர்களைப் போலச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒன்பது மணிப் பூசைக்குப் போயிருக்கிறார்!

இப்போது எந்த மொழியில் சொன்னாலும் மணியையும் சொல்லி, விரலாலும் காட்டுகிறேன். ஆளில்லாத செருப்பைக் கரையில் கண்டால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது.